ஒன்று குறை விதி: எல்.இ.டி. ஒன்றை மினுக்குவதற்கு வேண்டிய கருவிகளும் அவற்றை விற்போரும் – ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஒரு சிவப்பு எல்.இ.டி. அரை விநாடி எரிய வேண்டும். அரை விநாடி அணைந்திருக்க வேண்டும். மறுபடி எரிய வேண்டும். கரன்ட் இருக்கும் வரை இது நடந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த ஒரே காரியத்துக்காக சி மொழியில் நிரல் எழுதி, மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் சில்லுக்குள் அதை ஏற்றி, நள்ளிரவில் தனியாக எழுந்து நின்று கை தட்டிக்கொள்ளும் ஒரு கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. இவர்கள் எதை வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குகிறார்கள், வாங்கிய பிறகும் ஏன் எரியவில்லை ஆகிய மூன்று வினாக்களும் ஆய்வுலகின் போதிய கவனத்தைப் பெறவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வின் கருதுகோள் வருமாறு: எந்த நேரத்திலும், எல்.இ.டி.யை மினுக்குவதற்கு வேண்டிய பொருள்களின் எண்ணிக்கை, கைவசம் உள்ள பொருள்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். இது இனி 'ஒன்று குறை விதி' எனப்படும். இதற்குத் துணைவிதிகள் இரண்டு. முதலாவது, குறையும் அந்த ஒன்று பட்டியலிலேயே மலிவானதாக இருக்கும். இரண்டாவது, அது குறைகிறது என்பது கடை சாத்திய பிறகே தெரியவரும்.

ஆய்வு எல்லை: சி மொழி மட்டும். மைக்ரோபைதான் பயன்படுத்துவோர் சேர்க்கப்படவில்லை. ஆய்வேடு எழுதும் அளவுக்கு அவர்கள் துன்பப்படுவதில்லை. தொழில்முறைப் பொறியாளர்களும் விலக்கப்பட்டனர். அவர்களிடம் ஒன்று குறைந்தால் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டைத் திட்டலாம், பொழுதுபோக்காளர் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். கள ஆய்வு சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் அதன் கிளைத் தெருக்களிலும், சில வீடுகளின் சாப்பாட்டு மேசைகளிலும் நடந்தது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சிக்கும் இத்தெருவுக்கும் உறவு ஏதுமில்லை. உண்டு என்று சத்தியம் செய்யும் மூன்றாமாண்டு மாணவர் கல்லூரிக்கு ஒருவராவது உண்டு. அவர் கூற்று இடைச்செருகல் என்று தள்ளப்பட்டது.

2. மரபு வரலாறு

நிரல் எழுதப் பழகுபவர் முதலில் எழுதுவது உலகுக்கு வணக்கம் சொல்லும் நிரல். பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூல் இவ்வழக்கத்தை ஊரறியச் செய்தது. மைக்ரோகன்ட்ரோலரிடம் அந்த வணக்கம் செல்லாது. அதற்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை, வணக்கத்தை அச்சிட இடமே இல்லை. இருப்பவை கால்கள்தாம். ஆகவே ஒரு காலில் எல்.இ.டி.யைக் கட்டி, அதை மினுக்கி, 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று தெரிந்துகொள்ளும் மரபு உருவாயிற்று.

இத்துறையில் குருகுலங்கள் மூன்று. முதலாவது 8051 மரபு. இன்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட இச்சில்லில் 4 கிலோபைட் நிரல் இடமும் 128 பைட் நினைவும் இருந்தன. நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் வழிவழியாக வரும் மரபு இதுவே. ரிச்சி தெருவில் இது ஏ.டி.89.எஸ்.52 என்ற அவதாரத்தில் கிடைக்கும்: 40 கால்கள், 8 கிலோபைட், 256 பைட். இரண்டாவது பிக் மரபு. மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக்.16.எஃப்.877.ஏ. இறுதியாண்டு பிராஜெக்ட்டுகளின் குலதெய்வம். மூன்றாவது ஏ.வி.ஆர். மரபு. நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் படித்த ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வொல்லான் என்ற இருவரின் சிந்தனையில் உதித்து, ஆட்மெல் நிறுவனத்தால் 1996இல் உலகுக்கு வந்தது.

பிக் மரபினரும் ஏ.வி.ஆர். மரபினரும் நெடுங்காலம் சைவ வைணவச் சண்டையை மிஞ்சும் வகையில் மோதிக்கொண்டார்கள். 2016இல் மைக்ரோசிப் நிறுவனம் ஆட்மெலையே விலைக்கு வாங்கிவிட்டது. இரு கோவில்களுக்கும் ஒரே தர்மகர்த்தா வந்த பிறகும் பக்தர்கள் சண்டையை நிறுத்தவில்லை என்பது சமயவியலாளர் கவனத்துக்கு உரியது.

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றிய ஆர்டுவினோ, ஏ.வி.ஆர். மரபின் பக்தி இயக்கம். அதற்குமுன் பலகை தனி, புரோகிராமர் தனி, கம்பைலர் தனி என்று கிடந்தவற்றை ஒரே கேபிளில் கோத்தது அது. தன் பெயரை அவ்வூர் மதுக்கடை ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்தக் கடையோ 1002இல் இத்தாலிக்கு அரசரான ஆர்டுயின் பெயரைத் தாங்கியது. ஆர்டுவினோவில் எழுதுவது சி அல்ல, சி++ என்று மூத்தோர் முகம் சுளிப்பர். சுளித்தவர்களும் வீட்டில் ஒரு ஆர்டுவினோ வைத்திருப்பது ஏன் என்பது அடுத்த இயலில் விளங்கும்.

3. கருவி இயல்

3.1 கம்பைலர். கருவிகளுள் இலவசமாகக் கிடைப்பது இது ஒன்றே. ஏ.வி.ஆருக்கு ஜி.சி.சி., 8051க்கு எஸ்.டி.சி.சி., பிக்குக்கு மைக்ரோசிப் தரும் எக்ஸ்.சி.8. கல்லூரிகள் விரும்பும் கெய்ல் கம்பைலரின் இலவசப் பதிப்பு 2 கிலோபைட்டோடு நிறுத்திக்கொள்ளும். மினுக்கும் நிரல் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆயினும் முதல் விளக்கு எரியும் முன்பே 2 கிலோபைட் போதாது என்று கவலைப்படுவது இத்துறையினரின் இயல்பு.

கம்பைலரால் வரும் இன்னலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. விளக்கை எரியவிட்டு, சும்மா ஐம்பதாயிரம் வரை எண்ணி, பிறகு அணைக்குமாறு ஒருவர் எழுதுகிறார். கம்பைலர் அதைப் படிக்கிறது. இந்த எண்ணலால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று கண்டுகொள்கிறது. சத்தமில்லாமல் அந்த வரியை நீக்கிவிடுகிறது. விளைவு, விளக்கு விநாடிக்குப் பல்லாயிரம் முறை மினுக்குகிறது. கண்ணுக்கோ மங்கலாக ஒரே சீராக எரிவதாகத் தெரிகிறது. அவர் ரெஸிஸ்டரைச் சந்தேகிக்கிறார். 330 ஓமைக் கழற்றி 220 ஓமைப் போடுகிறார். வெளிச்சம் கொஞ்சம் கூடுகிறது. 'முன்னேற்றம் உண்டு' என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். உண்மையில் குறைந்தது 'வாலடைல்' என்னும் ஒரே சொல். எண்ணும் மாறிக்கு முன்னால் அதைப் போட்டிருந்தால் கம்பைலர் கை வைத்திருக்காது. அதன் விலை சுழியம் என்பதால் முதல் துணைவிதி ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது.

3.2 புரோகிராமர். எழுதி முடித்த நிரலைச் சில்லுக்குள் தள்ளும் கருவி இது. தள்ளுவதை 'பர்ன் பண்றது' என்பர் ஒரு சாரார். 'டம்ப் பண்றது' என்பர் கல்லூரி வழக்கினர். ஏ.வி.ஆர். மரபில் பரவலாக விற்பது யு.எஸ்.பி.ஏ.எஸ்.பி. தாமஸ் ஃபிஷ்ல் என்பவர் வடிவமைத்து வரைபடத்தை எல்லாருக்கும் திறந்துவைத்ததால், யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதற்குள் இருப்பதும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர்தான்: ஏ.டி.மெகா8. அது வேலை செய்ய வேண்டுமானால் அதற்குள்ளும் ஒரு நிரல் இருக்க வேண்டும். அந்த நிரலை ஏற்ற ஒரு புரோகிராமர் வேண்டும்.

இங்கே ஆய்வு தத்துவத்துக்குள் கால் வைக்கிறது. புரோகிராமரைச் செய்யப் புரோகிராமர் வேண்டும் எனில், முதல் புரோகிராமரைச் செய்தது எது? விடை சொல்வோர் மூன்று சாரார். அச்சுத்துறைக் கொள்கையினர், ஆதியில் கணினியின் பின்புறம் பிரின்ட்டருக்கென ஒரு பெரிய துளை இருந்தது, அதிலிருந்து சில கம்பிகளும் ரெஸிஸ்டர்களும் இழுத்தாலே புரோகிராமர் ஆயிற்று என்பர். இது பொருந்தும், ஆனால் அந்தத் துளையுள்ள கணினி இன்று பழைய இரும்புக் கடையில்தான் இருக்கிறது. ஆர்டுவினோக் கொள்கையினர், ஒரு ஆர்டுவினோவில் அதனுடனேயே வரும் மாதிரி நிரலை ஏற்றினால் அதுவே புரோகிராமராக மாறிவிடும் என்பர். மூத்தோர் வீடுகளிலும் ஆர்டுவினோ காணப்படுவதன் காரணம் இதுவே. மூன்றாமவர் கடைக்காரர். அவர் கொள்கை சுருக்கமானது: "அது ரெடியாவே வரும் தம்பி. எத்தனை வேணும்?"

ரெடியாக வந்ததை வாங்கி வீட்டுக்குப் போனவரின் கதி அடுத்த ஆய்வுச் சான்று. யு.எஸ்.பி.ஏ.எஸ்.பி.யோடு வரும் பட்டைக் கேபிளின் முனையில் 10 துளைகள். ஆர்டுவினோ ஊனோவில் புரோகிராமருக்கென நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளோ 6. பத்தை ஆறாக்கும் ஒரு குட்டி அடாப்டர் உண்டு. அதுவும் அதே கடையில்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. பொழுதுபோக்காளருக்கோ ஞாயிற்றுக்கிழமைதான் பொழுது. இரண்டாம் துணைவிதிக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

3.3 கிரிஸ்டல். சில்லின் நாடித்துடிப்பைக் காக்கும் உலோக வில்லை. கவுன்ட்டரில் நின்று கேட்டால், 8051 மரபினருக்குக் கடைக்காரர் கேள்வியே கேட்காமல் எடுத்துத் தருவது 11.0592 மெகாஹெர்ட்ஸ். 12 என்று முழு எண் இருக்க, இந்த வெட்டுப்பட்ட எண்ணின் மேல் ஏன் இவ்வளவு பற்று? கணக்கைப் பார்ப்போம். 11.0592 மெகாஹெர்ட்ஸை 12ஆல் வகுத்தால் 9,21,600. அதை 32ஆல் வகுத்தால் 28,800. அதை 3ஆல் வகுத்தால் 9,600. கணினியோடு தொடர் முறையில் பேசுவதற்கான வேகம் மிச்சமின்றி அப்படியே விழுகிறது. 12 மெகாஹெர்ட்ஸை எடுத்து இதே வகுத்தலைச் செய்தால் ஏறத்தாழ 10,417 வரும். எட்டரை விழுக்காடு பிழை. எதிர்முனையில் குப்பை எழுத்துகள்தாம் தெரியும்.

ஆகவே 11.0592 அறிவுடையோர் தேர்வு என்பது பெறப்படும். ஆனால் எல்.இ.டி. யாருடனும் பேசப்போவதில்லை. பேசாத விளக்குக்காகப் பேச்சுக்குரிய கிரிஸ்டலை வாங்கியதன் பலன், சில்லின் ஒவ்வொரு அடியும் ஒரு மைக்ரோவிநாடி ஆகாமல் 1.085 மைக்ரோவிநாடி ஆகிறது. அரை விநாடியைக் கணக்கிட கால்குலேட்டர் தேடும் நிலை வருகிறது. தொடர்முறையில் தவிர்த்த அதே எட்டரை விழுக்காடு நேரக்கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிழை அழிவதில்லை, இடம் மாறுகிறது என்பது இவ்வாய்வின் துணைக் கண்டுபிடிப்பு.

கிரிஸ்டலோடு 22 பிகோஃபாரட் டிஸ்க் கெபாசிட்டர் இரண்டு வேண்டும். இவை எப்போதும் மறக்கப்படும்.

3.4 ஃபியூஸ். வீட்டு மெயின் போர்டில் உள்ளது அல்ல. ஏ.வி.ஆர். சில்லுக்குள், எந்தக் கடிகாரத்தைக் கேட்டு நடப்பது என்பது போன்ற அடிப்படை விஷயங்களைத் தீர்மானிக்கும் துகள்கள் இவை. ஏ.டி.மெகா328பி ஆலையிலிருந்து வரும்போது உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில் நடக்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். இது தெரியாமல் நிரலில் 16 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதி, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலையும் பக்கத்தில் செருகினால், சில்லு அந்தக் கிரிஸ்டலைத் திரும்பியும் பார்க்காது. அரை விநாடி எரிய வேண்டிய விளக்கு எட்டு விநாடி எரியும்; எட்டு விநாடி அணைந்திருக்கும். முதல் எட்டு விநாடியில் 'எரிஞ்சுடுச்சு' என்று வீட்டாரைக் கூப்பிட்டு, அவர்கள் வந்து பார்க்கும்போது அது அணைந்திருக்கும் எட்டு விநாடியில் இருப்பது இத்துறையில் அடிக்கடி காணும் நிகழ்வு.

ஃபியூஸை மாற்றினால் தீரும். ஆனால் ஃபியூஸில் 0 என்றால் 'ஆம்'. 1 என்றால் 'இல்லை'. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர் சில்லின் வாயையே பூட்டிவிடுவார். அதன்பின் புரோகிராமர் எத்தனை முறை தட்டினாலும் உள்ளிருந்து பதில் வராது. ரீசெட் காலில் 12 வோல்ட் கொடுக்கும் தனிக் கருவி கொண்டு உயிர்ப்பிக்கலாம். அந்தக் கருவி கைவசம் இராது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சுழியத்துக்கு இத்துறையில் உள்ள மதிப்பு இதோடு முடிவதில்லை. 8051இன் கால்கள் மின்னோட்டத்தை வாரி வழங்கா. உள்ளே வாங்கிக்கொள்ளத்தான் வல்லவை. ஆகவே எல்.இ.டி.யின் ஒரு முனையை 5 வோல்ட்டில் கட்டி, மறுமுனையைக் காலில் கட்டுவர். காலில் 0 எழுதினால் விளக்கு எரியும். 1 எழுதினால் அணையும். ப்ளூ பில் எனப்படும் எஸ்.டி.எம்.32 பலகையில் பதிக்கப்பட்டுள்ள எல்.இ.டி.யும் இதே ஒழுக்கத்தைப் பின்பற்றுகிறது. 1 எழுதி இருட்டைக் கண்டவர், பலகை செத்துவிட்டது என்று அதற்கு ஈமக்கடன் செய்து டப்பாவில் போட்டுவிடுகிறார். டப்பாக்களில் உறங்கும் பலகைகளில் கணிசமானவை இவ்வாறு உயிரோடு புதைக்கப்பட்டவையே.

3.5 கம்பி. 8051இன் 31ஆம் கால் தனி ஆய்வுக்கு உரியது. அதை 5 வோல்ட்டோடு இணைத்தால்தான் சில்லு தன்னுள் இருக்கும் நிரலைப் படிக்கும். இணைக்காவிட்டால் வெளியே எங்கோ ஒரு நினைவகம் இருப்பதாக எண்ணித் தேடத் தொடங்கிவிடும். கம்பைலர், புரோகிராமர், கிரிஸ்டல், கெபாசிட்டர் இரண்டு, ரீசெட்டுக்குரிய ரெஸிஸ்டர் எல்லாம் இருந்தும், அரை அங்குலக் கம்பித் துண்டு ஒன்று இல்லாததால் பாழான இரவுகள் அநேகம். கண்டுபிடித்துத் தருபவர் எப்போதும் சீனியர் அண்ணன். அவர் பலகையைப் பார்ப்பதுகூட இல்லை, "முப்பத்தியொண்ணு கட்டுனியா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

4. வணிகர் இயல்

ஒன்று ஏன் குறைகிறது என்னும் காரண ஆராய்ச்சிக்குக் கடைத்தெருவே களம். ரிச்சி தெருக் கவுன்ட்டர் ஒன்றில் பதிவான உரையாடல் கீழே அப்படியே தரப்படுகிறது.

"அண்ணா, 330 ஓம்ஸ் ரெஸிஸ்டர்."

"கால் வாட்டா, அரை வாட்டா?"

"கால் வாட்."

"எத்தன?"

"ஒண்ணு."

இதன்பின் நிலவிய மௌனத்தை எழுத்தில் தர இயலவில்லை. கடைக்காரர் காகிதப் பட்டையில் வரிசையாக ஒட்டிய நூறு ரெஸிஸ்டர்களைக் கத்திரித்து மேசையில் வைத்தார். "நூறா எடுத்துக்க தம்பி. ஒண்ணா வித்தா கவர் காசு கூட வராது."

"22 பிஎஃப் இருக்காண்ணா?"

"எதிர்க் கடைல பாரு."

எதிர்க் கடையில், இரண்டு கடை தள்ளிப் பார்க்கச் சொன்னார்கள்.

இதிலிருந்து பெறப்படுவது: வேண்டியது ஒன்று, கிடைப்பது நூறு. மிச்சம் 99. இவ்வாறு ஒவ்வொரு முறையும் மிச்சம் பெருகிப் பெருகி டப்பாக்கள் நிரம்புகின்றன. அடுத்த முறை வேண்டியது அந்த டப்பாக்களில் இல்லாத ஒன்று. ஆகவே கையிருப்பு எவ்வளவு பெருகினாலும் குறை குறைவதில்லை. பொருளியலாளர்கள் இதை மறுப்பார்கள். அவர்கள் யாரும் 8.2 கிலோ ஓம் தேடியதில்லை.

வெளிநாட்டு வணிகர் வரிசையில் முதலில் நிற்பது டிஜி-கீ. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் 1972இல் தொடங்கியது. தொடக்கத்தில் அது விற்றது, அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தந்திச் சங்கேதம் அனுப்புவதற்கான ஒரு கிட். ஸ்பார்க்ஃபன் 2003இல் கொலராடோவின் போல்டர் நகரில் ஒரு மாணவர் தொடங்கியது. அடாஃப்ரூட் 2005இல் லிமோர் ஃபிரைட் எம்.ஐ.டி.யின் விடுதி அறையில் தொடங்கியது. உலகப் பெருவணிகர் மூவரும் பொழுதுபோக்குக்காரர்களின் மேசையிலிருந்து எழுந்தவர்கள். ஒன்று குறைந்தவர் நொந்துபோகலாம், அல்லது கடை வைக்கலாம். கடை வைத்தவர்களே பிழைத்தார்கள் என்று வரலாறு கூறுகிறது.

டிஜி-கீயின் சிறப்பு, இல்லை என்று சொல்லாமை. 22 பிகோஃபாரட் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். வோல்டேஜ், வெப்பநிலை, சகிப்பளவு, கால் இடைவெளி என்று சல்லடை சல்லடையாகச் சலிக்க வேண்டும். எல்லாவற்றையும் சலித்து, மிகப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்து கூடையில் போட்டபின், அனுப்பும் கட்டணம் கண்ணில் படும். ஒரு ரூபாய் பொருளுக்கு அதைக் கொடுப்பதா என்ற தயக்கத்தில், கட்டணத்தை நியாயப்படுத்துவதற்காக இன்னும் இருபது பொருள்கள் கூடைக்குள் விழும். மிச்சம் பெருகும் விதி கடல் கடந்தும் செல்லும் என்க.

சீன வணிகம் ஷென்ஜென் நகரிலிருந்து வருவது. 2020 நவம்பரில் இந்திய அரசு தடை செய்த 43 செயலிகளுள் அலிஎக்ஸ்பிரஸும் ஒன்று. அதன்பின் அதே பொருள்கள் உள்ளூர் இணையக் கடைகள் வழியே, உள்ளூர் முகவரியோடு வருகின்றன. இங்கே எழும் அறச்சிக்கல் 'ஒரிஜினலா, டூப்ளிகேட்டா' என்பது. ஆர்டுவினோவின் வரைபடம் திறந்த ஒன்று. அப்படியே நகல் எடுப்பது குற்றமன்று. ஆயினும் நகல் பலகைகள் பலவற்றில், அசலில் யு.எஸ்.பி. பேசும் சில்லுக்குப் பதிலாகச் சீனத்து சி.எச்.340 இருக்கும். அது நல்ல சில்லுதான். பழைய கணினிகளில் அதற்கான டிரைவரைத் தேடி நிறுவ வேண்டும், அவ்வளவே. அந்த 'அவ்வளவே' தான் ஒன்று குறை.

போலியின் வரலாற்றில் 2014ஆம் ஆண்டு மறக்கத்தக்கதன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் யு.எஸ்.பி. சில்லுகளைப் பலர் போலியாகச் செய்து விற்றனர். சினமுற்ற அந்நிறுவனம் வெளியிட்ட டிரைவர், போலிச் சில்லைக் கண்டால் அதன் அடையாள எண்ணைச் சுழியமாக்கியது. அதன்பின் எந்தக் கணினிக்கும் அது யாரென்றே தெரியவில்லை. போலி என்று அறியாமல் வாங்கிய அப்பாவிகள் எழுப்பிய கூச்சலில் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. சுழியத்தின் வலிமைக்கு இது இன்னொரு சான்று.

மலிவுப் பலகைகளில் இரண்டு கருத்தூன்றிப் பார்க்கத்தக்கவை. முதலாவது ப்ளூ பில். 72 மெகாஹெர்ட்ஸ் வேகம், 20 கிலோபைட் நினைவு. 8051 மரபினர் கனவிலும் காணாத வசதி. ஆனால் பல பலகைகளில் யு.எஸ்.பி.க்குரிய ஆர்.10 என்னும் ரெஸிஸ்டர் 1.5 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம் உட்கார்ந்திருக்கும். அதனால் சில கணினிகள் பலகையைக் கண்டுகொள்ளா. இத்தனை பெரிய சில்லு, பலகையிலேயே மலிவான ஒரு துணுக்கால் ஊமையாகிறது. இரண்டாவது, ப்ளூ பில்லில் நிரல் ஏற்றும் எஸ்.டி.-லிங்க் நகல். விரல் நீள அலுமினியக் கூட்டின் மேல் எந்தக் கம்பி எது என்று அழகாக அச்சிட்டிருப்பார்கள். கூட்டை உருவிப் பார்த்தால் உள்ளே பலகையில் வேறு வரிசை அச்சிட்டிருப்பதும் உண்டு. மூலபாடத்துக்கும் உரைக்கும் முரண் வருமிடத்து மூலத்தையே கொள்க என்பது இங்கும் பொருந்தும்.

5. எதிர்வாதங்களும் மறுப்பும்

5.1 ஐந்நூற்றைம்பத்தைந்தார் வாதம். ஹான்ஸ் கேமென்ஸிண்ட் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்து 1972இல் விற்பனைக்கு வந்த 555 டைமர், இரண்டு ரெஸிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் கொண்டு விளக்கை மினுக்கும். சி வேண்டாம், கம்பைலர் வேண்டாம், ஃபியூஸ் வேண்டாம். மறுப்பு: அதில் அரை விநாடியைக் கால் விநாடி ஆக்க வேண்டுமெனில் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டும். சி நிரலில் ஒரே எண்ணை மாற்றினால் போதும். அந்த ஒரே எண்ணை மாற்றுவதற்கு மேற்கண்ட அனைத்தும் தேவை என்பது வேறு விஷயம்.

5.2 அன்னையர் வாதம். "ஏண்டா, இந்தத் துளியூண்டு லைட்டுக்கா இத்தன சாமான்? பிள்ளையார் படத்துக்குப் போட்ட சீரியல் செட் தானா மினுக்குதே, அது என்ன வெல தெரியுமா?" மறுப்பு: அது தானாக மினுக்குகிறது, நாம் மினுக்குகிறோம். இம்மறுப்பு அன்னையரிடம் இதுவரை எடுபடவில்லை.

5.3 ஊனோ வாதம். புதிய ஆர்டுவினோ ஊனோவைப் பிரித்துக் கணினியில் செருகியதுமே அதன் எல்.இ.டி. மினுக்கத் தொடங்கும், ஆலையிலேயே மினுக்கும் நிரலை ஏற்றி அனுப்பும் வழக்கம் உண்டு. ஒரு வரிகூட எழுதாமல் காரியம் முடிந்துவிடுவதால் விதி உடைந்தது என்பர். உடையவில்லை. தாம் ஏற்றிய நிரலும் மினுக்குகிறது, ஏற்றாததும் மினுக்கிற்று. ஆகவே தம் நிரல்தான் ஓடுகிறதா என்னும் சான்று குறைகிறது. நேர அளவை மாற்றி ஏற்றிப் பார்த்தாலன்றி அக்குறை தீராது.

5.4 பிக்கோ வாதம். இதுவே வலிமையான எதிர்வாதம். 2021 ஜனவரியில் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ நான்கு டாலர் விலை; 264 கிலோபைட் நினைவு; எல்.இ.டி. பலகையிலேயே உண்டு; புரோகிராமர் தேவையில்லை. பொத்தானை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகினால் பென் டிரைவ் போலத் தோன்றும். நிரலை இழுத்துப் போட்டால் முடிந்தது. வேண்டியது ஒரே ஒரு மைக்ரோ யு.எஸ்.பி. கேபிள். அது எல்லார் வீட்டிலும் உண்டு. கையிருப்பும் தேவையும் சமமாகிவிட்டன.

இவ்வாதத்தைச் சோதிக்க வீடுகளிலுள்ள மைக்ரோ யு.எஸ்.பி. கேபிள்கள் ஆராயப்பட்டன. டார்ச் லைட், டிரிம்மர், காது மாட்டி ஆகியவற்றோடு வந்த கேபிள்கள் பல, சார்ஜ் ஏற்ற மட்டுமே பிறந்தவை. தரவு செல்லும் இரண்டு கம்பிகள் அவற்றுள் இல்லை. வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. பலகைக்கு மின்சாரம் போகும். கணினிக்கு ஒன்றும் தெரியாது. விதி காப்பாற்றப்பட்டது.

சரியான கேபிள் வைத்திருந்தோரும் தப்பவில்லை. 2022இல் வைஃபையுடன் பிக்கோ டபிள்யூ வந்தது. பழைய பிக்கோவில் மினுக்கிய நிரலை அதில் ஏற்றினால் மினுக்காது. எல்.இ.டி.யைப் பழைய காலிலிருந்து பிரித்து வைஃபை சில்லோடு கட்டிவிட்டார்கள். ஒரு விளக்கை எரிய வைக்க வைஃபை சில்லைத் தட்டியெழுப்பும் நூலகம் ஒன்றை நிரலில் சேர்க்க வேண்டும். குறைந்த அந்த ஒன்று இப்போது நூலகம்.

6. முடிவுகள்

ஒன்று குறை விதி மூன்று மரபுகளிலும், நான்கு வகை வணிகரிடத்தும், விலை உயர்ந்த பலகையிலும் தாழ்ந்த பலகையிலும் செல்லுபடியாகிறது. ஒரு சொல், ஒரு கம்பித்துண்டு, ஒரு அடாப்டர், ஒரு ரெஸிஸ்டர், ஒரு நூலகம் எனக் குறையின் வடிவம் மாறுகிறது, எண்ணிக்கை மாறுவதில்லை.

குறையே இல்லாத நிலை உண்டா என்பதும் ஆராயப்பட்டது. அரிதாக உண்டு. எல்லாம் கைவசம் இருந்து, எல்.இ.டி. சொன்னபடி மினுக்கிய நிலையை எய்திய பொழுதுபோக்காளர் என்ன செய்கிறார்? சிறிது நேரம் பார்க்கிறார். கொஞ்சம் வேகமாக மினுக்க வைக்கிறார். பிறகு கேபிளை உருவிவிட்டு, கேள்விப்பட்டிராத இன்னொரு சில்லை ஆர்டர் செய்கிறார். அண்மைக்காலத்தில் அது பெரும்பாலும் சி.எச்.32.வி.003. பத்து சென்ட் அளவு விலையுள்ள சீனச் சில்லு. ஆனால் அதில் நிரல் ஏற்ற டபிள்யூ.சி.எச். லிங்க்-ஈ என்னும் தனிக் கருவி வேண்டும். அதன் விலை சில்லின் விலையைப் போலப் பல மடங்கு. 'ஈ' இல்லாத பழைய லிங்க்கை வாங்கி வைத்திருந்தால் உதவாது. ஒரே ஓர் எழுத்து குறைகிறது. அவர் முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று பார்த்தோம். தெரியவில்லை, புது உற்சாகம்தான் தெரிந்தது.

ஆகவே குறை என்பது இப்பொழுதுபோக்கின் இடையூறு அன்று, பொழுதுபோக்கே அதுதான். விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது. எரியாத வரைதான் சீனியர் அண்ணனிடம் கேட்கலாம், டேட்டாஷீட் படிக்கலாம், எதிர்க் கடைக்குப் போகலாம், இரண்டு கடை தள்ளியும் போகலாம். 31ஆம் காலைப் பற்றி ஒருவருக்குத் தெரியவந்தது அதைக் கட்டியதால் அன்று, கட்டாததால். இத்துறையின் அறிவு முழுவதும் இவ்வாறு குறைவழியே வந்தது என்பது நிறுவப்பட்டது.

7. மேலாய்வுக்குரிய களங்கள்

ஒன்று, எல்.இ.டி.யின் நீளமான காலே பிளஸ் என்று அனைவரும் அறிந்திருந்தும், பிரெட்போர்டில் செருகுவதற்காக இரண்டு கால்களையும் ஒரே அளவாக வெட்டிவிட்டுப் பிறகு யோசிப்பதன் உளவியல். இரண்டு, கவுன்ட்டரில் 'பில் வேணுமா?' என்று கேட்கும் தொனியால் விலை மாறுவதன் ஒலியியல். மூன்று, இரண்டு எல்.இ.டி.க்களை மாறி மாறி மினுக்குதல். இம்மூன்றாம் ஆய்வு தொடங்கிவிட்டது. அதற்கு இன்னொரு 330 ஓம் ரெஸிஸ்டர் வேண்டும். அது 99 இருக்கிறது. இன்னொரு எல்.இ.டி. வேண்டும், அதுவும் ஒரு கவர் நிறைய இருக்கிறது. ஜம்பர் வயர்தான் ஒன்று குறைகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை.